வார இறுதிக் காருக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும்?

1969ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் காருக்குச் சஸ்பென்ஷன் பாகங்கள், அதாவது சக்கரங்களைக் காரோடு இணைத்து மேடுபள்ளத்தின் அடியைத் தாங்கும் பாகங்கள், கிடைப்பதில் இன்று பஞ்சமே இல்லை. அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு காருக்குப் புதிய கன்ட்ரோல் ஆர்ம், புதிய ஸ்பிரிங், குமிழைத் திருகிச் சரிசெய்யும் ஷாக் அப்சார்பர், காற்றுப் பை எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகின்றன. விற்பனைப் பட்டியல்களைப் புரட்டினால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே படம்தான்: ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே டயர் புகைய வளைந்து ஓடும் கார். எந்தப் பாகம் வளைவில் எவ்வளவு கூடுதல் வேகம் தரும் என்பதே அங்கே பேச்சு. என் கார் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகருக்கு வெளியே ஹியூரான் ஆற்றங்கரைச் சாலையில் மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் போகிற கார். அதற்கு எது நல்லது என்று தேடத் தொடங்கியபோது, கிடைத்த அறிவுரைகளில் பெரும்பகுதி வேறு யாருடைய தேவைக்காகவோ எழுதப்பட்டவை என்பது புரிந்தது.

ஆகவே இந்தக் கட்டுரை பந்தயத் தடத்துக்குப் போகாதவர்களுக்கானது. பெரிய எஞ்சின் வைத்த நடுத்தர அளவுக் காரை, அது எந்தக் காலத்துக் கார் என்பதை மறக்காமல், ஆனால் நிம்மதியாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கானது.

மிச்சிகனில் சாலை என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் நீர் உறைந்து உப்புகிறது, உருகுகிறது, மறுபடி உறைகிறது. மார்ச் மாதம் வரும்போது சாலை பிளந்து கிடக்கும். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் 80,000 பவுண்டோடு லாரியின் எடை வரம்பு முடிந்துவிடும். இங்கே பதினொரு ஆக்சில் (சக்கர அச்சு) உள்ள லாரி 1,64,000 பவுண்டு வரை ஏற்றிக்கொண்டு போகலாம். டெட்ராய்ட்டில், 1909ஆம் ஆண்டில் உட்வர்ட் அவென்யூவின் ஒரு மைல் தூரத்துக்குக் கான்கிரீட் போட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதே உட்வர்டில்தான் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகின்றன. அந்த ஊர்வலத்தில் கார் நகரும் வேகத்துக்கு எந்தச் சஸ்பென்ஷனும் போதும். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழிதான் சோதனை.

என் ஷெவெல் மாலிபு வகை, இரண்டு கதவு, 350 கன அங்குல எஞ்சின், முன்பக்கம் நீள இருக்கை. முன்பு வைத்திருந்தவர் அதன் மூக்கைத் தாழ்த்தவேண்டும் என்பதற்காக முன் ஸ்பிரிங்குகளை வெட்டியிருந்தார். வளைவில் காரின் சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் தடித்த ஸ்டெபிலைசர் பார், எல்லா இணைப்புகளிலும் ரப்பர் வளையத்துக்குப் பதில் கடினமான பாலியூரித்தேன் புஷ், மிகக் கடினமான ஷாக் அப்சார்பர். நிறுத்தி வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஓட்டினால் ஒவ்வொரு கான்கிரீட் பலகையின் இணைப்பும் முதுகெலும்பில் வந்து அடித்தது. கோடையில் வடக்கே ஒரு நீண்ட பயணம் போய்த் திரும்பியதும் என் மனைவி சொன்னாள்: “ஏங்க, அடுத்த தடவை நீங்கள் இதில் வாருங்கள். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் காரில் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.”

நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் அதுதான். அவள் தானாக முன்வந்து ஏறி உட்காரும் காராக இது இருக்க வேண்டும். வளைவில் எத்தனை ஜி விசை தாங்கும் என்ற எண்ணைவிட இந்த அளவுகோல் கடுமையானது. தளர்ந்து மிதக்கிற காரிலும் அவள் ஏறமாட்டாள். வழுக்கும் நீள இருக்கையில் வளைவுக்கு வளைவு கதவுப் பக்கம் சரிந்துபோவதை யாரும் விரும்புவதில்லை. இறுக்கமும் கூடாது, தள்ளாட்டமும் கூடாது.

பழைய அமெரிக்கக் கார்கள் படகு போல ஆடும், அதனால் கடினமாக்க வேண்டும் என்ற நினைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. இந்த நினைப்பில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஸ்பிரிங் மென்மையாக இருப்பது ஒன்று. அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை யாரும் அடக்காமல் விட்டிருப்பது வேறொன்று. ஊஞ்சல் ஆடுவது ஊஞ்சலின் குற்றம் அல்ல. பக்கத்தில் கைநீட்டிப் பிடிக்க ஆள் இல்லை என்பதே குற்றம். ஸ்பிரிங்குக்கு அந்தக் கை ஷாக் அப்சார்பர். 1969இல் தொழிற்சாலையிலிருந்து வந்த ஷாக் அப்சார்பர்கள் விலை குறைந்த, மெலிந்த சமாசாரம். அவை தளர்ந்ததும் கார் மிதந்தது. பழி ஸ்பிரிங்கின் மேல் விழுந்தது.

மென்மையான ஸ்பிரிங்கை ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அலட்சியத்தால் போடவில்லை. அதற்குப் பின்னால் மாரிஸ் ஆலி என்ற பொறியாளரின் உழைப்பு இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் காடிலாக்குக்கு வந்தவர் அவர். 1932இல் ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய எடைகளைக் கட்டி, எந்த அமைப்பில் பயணிகளுக்குச் சுகம் அதிகம் என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தார். 1934ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரங்கள் தனித்தனியே எழும்பித் தாழும் சஸ்பென்ஷன் வந்தது அந்த ஆய்வின் பலன். அவர் கண்டறிந்த இன்னொன்று இன்றைக்கும் பாடமாக இருக்கிறது: பின் ஸ்பிரிங்குகள் முன் ஸ்பிரிங்குகளைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும்.

காரணம் எளியது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். ஷெவெலின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 112 அங்குலம், அதாவது 2.84 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதே மேடு பின் சக்கரத்துக்கு வர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். முன்பக்கம் ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. பின்பக்கம் தாமதமாகத் தொடங்குகிறது. பின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆடினால் ஓர் ஆட்டத்துக்குள் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், கார் முழுதும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அமரும். முன் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் கணக்குத் தலைகீழாகிறது. மூக்கும் வாலும் மாறி மாறிக் குத்தும். என் காரில் முன்பிருந்தவர் செய்து வைத்திருந்தது அதைத்தான். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவதோடு நிற்பதில்லை. சுருள்கள் குறைவதால் கடினமும் கூடுகிறது. உயரமும் போய், அமுங்க இருந்த இடமும் போய், சின்னக் குழியிலேயே ரப்பர் தடையில் போய் முட்டுகிறது.

ஸ்பிரிங் வாங்கும்போது எல்லாரும் ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஷெவெலின் ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன; முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஓர் அங்குலம் எழும்பினால் ஸ்பிரிங் ஏறத்தாழ அரை அங்குலம்தான் அமுங்கும். விசையும் அதே விகிதத்தில் குறைந்துதான் சக்கரத்துக்கு வந்து சேரும். பாதியின் பாதி, கால் பங்கு. 400 பவுண்டு ஸ்பிரிங் என்று வாங்கினால் சக்கரத்தில் கிடைப்பது சுமார் 100 பவுண்டு. பின் ஆக்சிலில் கணக்கு வேறு, அங்கே ஸ்பிரிங் சக்கரத்தோடு கிட்டத்தட்ட முழுமையாக நகர்கிறது. ஆகவே முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

ஒப்பிட வேண்டியது ஆட்டத்தின் வேகத்தை, வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை. அறுபதுகளின் பெரிய அமெரிக்கக் கார்கள் வினாடிக்கு ஒரு முறை என்ற அளவை ஒட்டி ஆடின. இன்றைய சாதாரணக் கார்கள் ஒன்றேகால், ஒன்றரை என்ற எல்லையில் இருக்கின்றன. இரண்டைத் தாண்டினால் பந்தயத் தடத்துக்குப் பொருந்தும், நம் முதுகுக்குப் பொருந்தாது. இன்னொரு செய்தி: ஸ்பிரிங்கின் கடினத்தை இரு மடங்காக்கினால் இந்த வேகம் 1.41 மடங்குதான் கூடும். எனவே ஸ்பிரிங் எண்ணில் ஒரு ஐம்பது பவுண்டு முன்பின் இருப்பதைப் பற்றி இரவெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. நான் முன்பக்கத்துக்கு 1.2, பின்பக்கத்துக்கு 1.35 என்ற இலக்கை வைத்துக்கொண்டேன். ஆலி சொன்ன வரிசையும் காப்பாற்றப்பட்டது, பழைய காரின் நிதானமும் போகவில்லை.

பழைய உயரத்துக்கும் பழைய மென்மைக்குமே திரும்ப விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் எஞ்சின் எது, ஏசி இருக்கிறதா என்று பார்த்து, எடைக்கேற்ற ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையில் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார்கள். டெட்ராய்ட்டில் மிச்சிகன் அவென்யூவில் 1937 முதல் இயங்கும் ஈட்டன் டெட்ராய்ட் ஸ்பிரிங் நிறுவனம் அந்தப் பழைய வரைபடங்களின்படியே இன்றும் ஸ்பிரிங் செய்து தருகிறது. தன் காரைப் பிறந்தபடியே வைத்திருக்க விரும்பும் ஒருவருக்கு, அதற்கேற்ற ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் புதிய ரப்பர் புஷ்களும் போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மூக்குத் தாழ்வாகத்தான் வேண்டும் என்றால் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே அதைச் செய்யலாம். சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலில் அச்சு முனையை இரண்டு அங்குலம் மேலே வைத்து வார்த்த பாகம் கிடைக்கிறது. ஆர்ம்களின் கோணம் மாறாது, ஸ்பிரிங் அமுங்கும் இடமும் குறையாது, கார் மட்டும் இரண்டு அங்குலம் தாழும். நான் அதையும் போடவில்லை. இங்குள்ள குழிகளுக்கு அந்த இரண்டு அங்குலம் காருக்கடியில் இருப்பதே எனக்கு நிம்மதி.

இனி இந்தக் காரின் உண்மையான குறைக்கு வருகிறேன். மென்மை அதன் குறை அல்ல. குறை இருப்பது முன் சஸ்பென்ஷனின் வடிவியலில். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உடலோடு ஒப்பிட்டால் மேலே எழுகிறது. நல்ல வடிவமைப்பில், அப்படி எழும்போது மேல் ஆர்ம் டயரின் தலையை உள்நோக்கி இழுக்கும். கார் சாய்ந்தாலும் டயர் சாலையில் தட்டையாகப் படியும். ஷெவெலின் ஸ்பிண்டில் குட்டை. அதனால் மேல் ஆர்ம், காரின் அடிச்சட்டத்திலிருந்து வெளிப்புறம் போகப் போகக் கீழே சரிந்து நிற்கிறது. சக்கரம் எழும்போது ஆர்மின் முனை முதலில் வெளிப்பக்கம் நகர்கிறது, டயரின் தலையையும் வெளியே தள்ளுகிறது. கார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே பக்கம் டயரும் சாய்ந்து, வெளி விளிம்பில் நின்றுகொண்டு கீச்சிடுகிறது. சாய்வைக் குறைக்கத் தடித்த பார் போடுகிறார்கள், கடின ஸ்பிரிங் போடுகிறார்கள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

இதற்குச் சரியான தீர்வு வியப்பூட்டும் அளவுக்குச் சின்னது. மேல் ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் குமிழ் மூட்டாகிய பால் ஜாயின்ட், வழக்கமானதைவிட அரை அங்குலம் உயரமானதாக. அது ஆர்மின் வெளி முனையைத் தூக்கிவிடுகிறது. சக்கரம் எழும்போது டயரின் தலை உள்ளே வரத் தொடங்குகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் உயர்வதால், சாய்வே குறைகிறது. ஸ்பிரிங் மென்மையாகவே இருக்க, பார் மெலிதாகவே இருக்க, கார் நிமிர்ந்து வளைகிறது. முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். இந்தப் பால் ஜாயின்டைப் பழைய ஆர்மில் போட்டால் அது சாய்ந்து நகர இடம் போதாமல் போகலாம் என்பதால், அதற்கேற்ற கோணத்தில் செய்த குழாய் வகை மேல் ஆர்ம்களை வாங்கினேன். கீழ் ஆர்ம்கள் 1969இல் வந்தவையே. துருவைத் தேய்த்து, வண்ணம் பூசி, புதிய புஷ் போட்டுத் திரும்ப மாட்டியாயிற்று. பளபளக்கும் குழாய் ஆர்ம்களைக் கீழேயும் போடுவதால் இந்த வேகத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

1977க்குப் பிறகு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பெரிய கார்களின் உயரமான ஸ்பிண்டிலைக் கழற்றி வந்து ஷெவெலில் பொருத்தும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பெரிய டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும், விலையும் குறைவு. ஆனால் ஸ்டீயரிங் கம்பி வந்து சேரும் இடம் அதில் பொருந்துவதில்லை. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகவே சற்றுத் திரும்பும். மிச்சிகன் சாலையில் அப்படிப்பட்ட காரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

வடிவியலைத் திருத்துவது எவ்வளவு மலிவானது என்பதற்கு ஃபோர்டு பக்கம் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.350 மஸ்டாங்கில் மேல் ஆர்மைத் தாங்கும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கித் துளைத்தார்கள். அதன் கணக்கைப் போட்டவர் ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங். 1966இல் செலவைக் குறைக்க அந்த மாற்றத்தையே கைவிட்டார்கள். இன்று பழைய மஸ்டாங் வைத்திருக்கும் எவரும் அளவுத் தகடும் துளைக்கும் கருவியும் இருந்தால் அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதல் தலைமுறை மஸ்டாங்குக்கு இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிகப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில், அதாவது சார்ஜர், ரோட் ரன்னர் போன்றவற்றில், முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்கப்படும் நீண்ட தண்டுதான் ஸ்பிரிங். நம் ஊர் அம்பாசடரின் முன்பக்கமும் அதே தத்துவம்தான். ஒரு போல்ட்டைத் திருகி உயரத்தை மாற்றிவிடலாம் என்பது அந்த அமைப்பின் பெரும் வசதி.

ஷெவெலின் பின்பக்கம் நான்கு ஆர்ம்களில் நிற்கிறது. மேல் ஆர்ம்கள் இரண்டும் காரின் நடுவை நோக்கி ஒருங்கிக் கோணமாக இருப்பதால்தான் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் நிற்கிறது. இதன் விலை என்னவென்றால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் எழும்போது அந்த ஆர்ம்கள் முறுக்கிக்கொண்டாக வேண்டும். ரப்பர் புஷ் அந்த முறுக்குக்கு இடம் கொடுக்கிறது. கடினமான பாலியூரித்தேன் இடம் கொடுப்பதில்லை. நான்கு ஆர்ம்களிலும் அதைத் திணித்தால் பின்பக்கம் முழுவதுமே ஒரு தடித்த பார் போல ஆகிவிடுகிறது. ஈரமான வளைவில் பின் டயர் முன்னறிவிப்பு இல்லாமல் பிடியை விடும். என் காரில் இதையும் மாற்ற வேண்டியிருந்தது. மேல் ஆர்ம்களில் இப்போது ரப்பர். கீழ் ஆர்ம்களுக்குத் திறந்த வாய்த் தகட்டுக்குப் பதில் நான்கு புறமும் மூடிய பெட்டி வடிவ ஆர்ம்கள். பின் ஸ்டெபிலைசர் பார் அந்தக் கீழ் ஆர்ம்களில்தான் பூட்டப்படுகிறது, அதனால் அவை முறுகாமல் இருப்பது அவசியம். ஓல்ட்ஸ்மொபீல் 442 இந்தப் பின் பாரை 1964லேயே கொண்டுவந்துவிட்டது. ஷெவெலின் உடன்பிறப்பான அந்தக் கார் வளைவுகளில் பெயரெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரப்பர் புஷ் மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே இருக்கும், சுழலாது, முறுக்கத்தான் முடியும். காரைத் தூக்கி வைத்து, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். உயரம் தப்பாக வரும், சில ஆண்டுகளிலேயே கிழியும். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, காரைத் தன் எடையில் சக்கரங்களின் மேல் நிறுத்திவிட்டுத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதே ரப்பர் வேலையில் யாரும் நினைக்காத இடம், காரின் உடலுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தைகள். ஷெவெலில் உடல் தனி, சட்டம் தனி. ஐம்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் அவை கல்லாகிப்போயிருக்கும், சில இடங்களில் தூளாகியிருக்கும். அவற்றை மாற்றிய அன்று கதவுகள் மூடும் ஓசையே மாறிவிட்டது.

ஸ்டெபிலைசர் பாரின் தடிமனில் கால் அங்குலம் என்பது கண்ணுக்குச் சின்ன வேறுபாடு. ஆனால் அதன் கடினம் விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. ஓர் அங்குல பாரை எடுத்துவிட்டு ஒன்றேகால் அங்குலம் போட்டால் கடினம் 2.44 மடங்கு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் மேட்டில் பார் வேலை செய்வதில்லை, எனவே சுகத்தைக் கெடுக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்குள்ள குழிகள் அப்படி இரண்டு சக்கரத்துக்கும் சமமாக வருவதில்லை. ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது தடித்த பார் அந்த அடியைக் காரின் அடுத்த பக்கத்துக்கும் கொண்டுபோகிறது. தலை இடமும் வலமும் ஆடுகிறது. வடிவியலைத் திருத்திய பிறகு எனக்கு முன்னால் ஓர் அங்குல பாரே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

ஷாக் அப்சார்பரில் மட்டும் செலவைச் சுருக்கக் கூடாது. நான் எடுத்தது வாயு அழுத்தம் உள்ள ஒற்றைக் குழாய் வகை. எண்ணெயும் வாயுவும் தனித்தனியே அடைபட்டிருப்பதால், நெடுந்தூரம் குலுங்கினாலும் நுரைத்துத் தளர்வதில்லை. கவனிக்க வேண்டியது, அமுங்கும்போது எவ்வளவு தடுக்கிறது, விரியும்போது எவ்வளவு தடுக்கிறது என்ற இரண்டையும். அமுங்கும்போது தடை அதிகமானால் குழியின் அடி நேராக மேலே வரும். விரியும்போது தடை அதிகமானால், அடுத்தடுத்து மேடுகள் வரும்போது ஸ்பிரிங் திரும்ப நிமிர நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகக் கீழே அமுங்கிக்கொண்டே போகும். வார இறுதிக் காருக்கு அமுங்குதலில் மென்மையும் விரிதலில் உறுதியும் நல்ல சேர்க்கை. குமிழ் திருகும் வகையும் நல்லதுதான், உட்கார்ந்து ஒவ்வொரு நிலையாக ஓட்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் காயில்ஓவர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காரின் பின் சட்டத்தில் ஷாக் அப்சார்பர் பூட்டும் இடம் காரின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே காயில்ஓவரைத் தொங்கவிடுவதானால் முதலில் அந்த இடத்தை வலுப்படுத்த வேண்டும். காற்றுப் பைகள், காரைத் தரையில் படுக்க வைத்துக் காட்ட விரும்புகிறவர்களுக்கு. நன்றாக அமைத்தால் சுகமாகவே ஓடும். கம்பிரசர், தொட்டி, வால்வு, குழாய் என்று கசியக்கூடிய பொருட்களை ஒரு பழைய காரில் கூட்டிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்யும் கடையில் பாதி வேலை வீணாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அங்குள்ள கணினியில் 1969 ஷெவெல் என்று தட்டினால் 1969இன் எண்களே வரும். அவை அன்றைய பயஸ் பிளை டயர்களுக்கும், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் கையால் வளைத்தவர்களுக்கும் ஏற்ற எண்கள்: டயரின் தலை சற்று வெளியே சாய்ந்தும், கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கும். கேஸ்டர் குறைவாக இருந்தால் ஸ்டீயரிங் எளிதாகத் திரும்பும், ஆனால் நெடுஞ்சாலையில் கார் நேராகப் போக மறுக்கும். இன்றைய ரேடியல் டயருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் அந்த எண்கள் பொருந்தவே பொருந்தா. என் எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன்: கேம்பர் (டயரின் தலையின் சாய்வு) அரை டிகிரி உள்நோக்கி, கேஸ்டர் நான்கு டிகிரி பின்னோக்கி, டோ-இன் (முன் டயர்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கும் அளவு) ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மேல் ஆர்மின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும்தான் இந்தக் காரில் கேம்பரையும் கேஸ்டரையும் அமைக்க முடியும். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். இதற்குப் பொறுமை உள்ள ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது, பாகங்களைத் தேடுவதைவிடக் கடினம். ஒரு பாகமும் மாற்ற வசதியில்லாத ஒருவர், தேய்ந்த இணைப்புகள் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, இந்த அலைன்மென்டை மட்டும் செய்தாலும் காரின் குணம் மாறுவதை உணர்வார்.

டயர் 235/60, பதினைந்து அங்குலச் சக்கரம். பதினேழு அங்குலத்தில் இன்னும் நல்ல பிடியுள்ள டயர்கள் கிடைக்கின்றன என்பது தெரியும். ஆனால் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பது இந்தச் சாலைகளில் ஒரு கூடுதல் ஸ்பிரிங். சக்கர வளைவுக்குள் பதினைந்து அங்குலம்தான் ஷெவெலுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது; இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போது முடுக்கியை அழுத்தினால் மூக்கு இன்னும் மெல்ல எழுகிறது. அதை நான் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். எழுந்த மூக்கு ஒரே மூச்சில் திரும்ப அமர்ந்துவிடுகிறது, இரண்டாம் முறை தலையாட்டுவதில்லை. அக்டோபரில் ஹார்பர் ஸ்பிரிங்ஸிலிருந்து கிராஸ் வில்லேஜ் வரை மரங்கள் கவிந்த எம்-119 சாலையில், நடுக்கோடுகூட இல்லாத அந்த ஒடுங்கிய வளைவுகளில், மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துப் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு நீட்டிக்கொண்டே வந்தாள். வடக்கே போவதற்கு இரண்டு கார்கள் எடுக்கும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

மீதியிருப்பது ஸ்டீயரிங் பெட்டி. பழைய பெட்டியில் ஸ்டீயரிங் சக்கரத்தை அதிகம் சுற்ற வேண்டியிருக்கிறது, நடுவில் கொஞ்சம் வெற்றாட்டமும் உண்டு. எண்பதுகளின் மான்டி கார்லோ எஸ்.எஸ். காரில் வந்த 12.7க்கு 1 விகிதப் பெட்டியை இதில் பொருத்தலாம். அழுத்தக் குழாய் இணைப்பையும், ஸ்டீயரிங் தண்டைப் பெட்டியோடு சேர்க்கும் இணைப்பையும் மாற்ற வேண்டும். சாலையில் உப்புத் தூவத் தொடங்கியதும் கார் கொட்டகைக்குள் போய்விடும், அந்த வேலைக்கு அதுவே நேரம். புதுப்பித்த பெட்டி ஒன்று ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது. அதைப் பொருத்தியதும் டோ-இன்னை மறுபடி பார்க்க வேண்டும், கேஸ்டரையும் அரை டிகிரி கூட்டிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.